முதல் பாத்தி: வீட்டில் காய்கறி வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

காய்கறித் தோட்டம் போடப்போகிறேன் என்று யாராவது சொன்னால், இந்த வாரம் எதையும் விதைக்காதீர்கள் என்பதுதான் நான் அவர்களுக்குச் சொல்லும் முதல் வார்த்தை. ஒரு வாரம் இடத்தை மட்டும் பாருங்கள். முதல் தோட்டம் கெடுவது பெரும்பாலும் அக்கறை மிகுந்து போவதால்தான். இடம் அதிகம், விதை அதிகம், தண்ணீர் அதிகம், உரம் அதிகம். நானும் முதல் ஆண்டில் பதினோரு வகை விதைகளை ஒரே நாளில் போட்டேன். மூன்றாவது வாரத்தில் எது செடி, எது களை என்று பிரித்தறிய முடியவில்லை. கடைசிவரை காய்த்தது வெண்டை மட்டும்தான். அடுத்த முறை ஒரே ஒரு பாத்தி, நான்கே வகைச் செடி என்று குறைத்துக்கொண்டேன். அந்தச் சின்னப் பாத்தியில்தான் நான் தோட்ட வேலை கற்றேன். கீழே சொல்வதெல்லாம் அப்படி ஒரு பாத்தியை மனத்தில் வைத்துத்தான்.

வெயிலும் இடமும்

மண் மோசமாக இருந்தால் திருத்தலாம். தண்ணீர் தூரத்தில் இருந்தால் சுமந்து ஊற்றலாம். நிழலை மட்டும் ஒன்றும் செய்யமுடியாது. அதனால் தோட்டம் போட நினைக்கும் இடத்தைக் காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி என்று மூன்று வேளை போய்ப் பாருங்கள். நிழல் விழும் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். ஒரு வாரத்தில் எந்த மூலைக்கு எத்தனை மணி நேரம் நேர்வெயில் கிடைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை, வெள்ளரி போல பூத்துக் காய்ப்பவற்றுக்கு நாளுக்குக் குறைந்தது 6 மணி நேர வெயில் வேண்டும். 8 மணி நேரம் கிடைத்தால் இன்னும் நன்றாகக் காய்க்கும். முள்ளங்கி, கேரட், பீட்ரூட் 5 மணி நேரத்தில்கூட ஓரளவு திரண்டுவிடும். கீரைகளுக்கு 4 மணி நேரம் போதும். நிழலான இடத்தில் தக்காளி வைத்தால் செடி உயரமாக, பச்சையாக, பார்க்க அழகாகவே வளரும். காய்தான் இருக்காது. நோய் என்று நினைத்து அதற்கு உரமும் மருந்தும் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

பெரிய மரத்தின் கிளைகள் பரவியிருக்கும் வட்டத்துக்குள் பாத்தி போட வேண்டாம். நிழலைவிட அதன் வேர்கள்தான் தொல்லை. நீங்கள் இடும் எருவையும் ஊற்றும் நீரையும் மரம் முந்திக்கொள்ளும். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் பள்ளமும் வேண்டாம். தினமும் கண்ணில் படுகிற இடமாக, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கமாக இருந்தால் பாதி வேலை குறையும். வீட்டின் பின்மூலையில் இருக்கும் நல்ல இடத்தைவிட, வாசலுக்கு அருகில் இருக்கும் சுமாரான இடத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பாத்தியின் அளவு

அகலம் 4 அடி, நீளம் 8 அடி. தொடங்க இது போதும். நீளத்தை உங்கள் வசதிப்படி குறைக்கலாம், அகலத்தை மட்டும் 4 அடிக்கு மேல் கூட்டாதீர்கள். இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். சுவரை ஒட்டிய பாத்தி என்றால் ஒரு பக்கம்தான் நிற்க முடியும், ஆகவே 2 அடி அகலம் போதும். பாத்திக்குள் ஒருபோதும் கால் வைக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு. மண்ணில் துகள்களுக்கு இடையே காற்று நிற்கும் சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கின்றன. வேர் மூச்சு விடுவதும், தண்ணீர் இறங்குவதும் அவற்றின் வழியாகத்தான். மிதித்தால் அவை நசுங்கிப்போகும். நடப்பதற்கு ஒன்றரை அடிப் பாதையைத் தனியாக விட்டுவிடுங்கள்.

மண்

இங்கே கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். செடிக்குச் செய்யும் வேலையில் பெரும்பகுதி விதைக்கு முன்பே மண்ணில் முடிந்துவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் ஈரமான மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து உருண்டை பிடியுங்கள். உருண்டையே நிற்காமல் உதிர்ந்தால் மணல் அதிகம். உருண்டை நின்று, விரலால் தட்டியதும் பொலபொலவென்று உடைந்தால் நல்ல மண். கட்டைவிரலால் அழுத்தி நாடா போல நீட்ட முடிந்தால் களி அதிகம். இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமா? ஒரு கண்ணாடிச் சாடியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும், மேலே தண்ணீரும், ஒரு சிட்டிகை சோப்புத் தூளும் போட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிடுங்கள். மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் அதன் மேல் படியும். களி படிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அடுக்குகளின் உயரத்தைப் பார்த்தாலே உங்கள் மண் எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் வடிகாலைச் சோதியுங்கள். ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, இந்த முறை நேரத்தைக் கவனியுங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் கவலையில்லை. மறுநாளும் தண்ணீர் நின்றால் அங்கே வேர் அழுகும். அப்படிப்பட்ட இடத்தில் தரையைக் கொத்துவதைவிட, 8 முதல் 12 அங்குல உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுவதே வழி.

களிமண்ணில் மணலைக் கலந்தால் இளகும் என்று பலரும் செய்கிறார்கள். கொஞ்சம் மணலைக் கலந்தால் களி இன்னும் இறுகித்தான் போகும். களிக்கும் சரி, மணலுக்கும் சரி, மருந்து ஒன்றுதான்: நன்றாக மக்கிய எரு. களியை அது பொலபொலப்பாக்கும், மணலில் ஈரத்தை நிறுத்தி வைக்கும். புதுப் பாத்தியின் மேல் 2 அங்குல உயரத்துக்கு மக்கு உரத்தைப் பரப்பி, மேல்மண் 6 முதல் 8 அங்குலம் வரை கொத்திக் கலந்துவிடுங்கள். நாம் சொன்ன 4க்கு 8 பாத்திக்கு இது ஏறத்தாழ 150 லிட்டர், அதாவது 15 லிட்டர் வாளியில் பத்து வாளி. மண் ஈரச்சேறாக இருக்கும்போது கொத்தாதீர்கள். கட்டிகட்டியாகக் காய்ந்து, பிறகு அந்தக் கட்டிகளை உடைப்பது பெரும்பாடு.

கொத்தும்போது சிமென்ட் கட்டி, சுண்ணாம்பு, செங்கல் துண்டுகள் வந்தால் பொறுக்கி எறிந்துவிடுங்கள். சிமென்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கும். காய்கறிகளுக்கு அமில காரக் குறியீடு 6க்கும் 7க்கும் இடையில் இருப்பதுதான் ஏற்றது. மிகப் பழைய கட்டடத்தின் சுவர்ப் பெயின்ட் உதிர்ந்து கலந்த மண்ணில் ஈயம் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் மண்ணை ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். அதுவரை வேறு மண்ணும் எருவும் நிரப்பிய மேட்டுப்பாத்தியிலோ தொட்டியிலோ வளருங்கள்.

மக்கு உரத்தை வாங்கலாம், ஆனால் இன்றே ஒரு குவியலைத் தொடங்கிவிடுங்கள். காய்ந்த சருகு, வைக்கோல், கிழித்த அட்டை இரண்டு மூன்று பங்கு. காய்கறித் தோல், புல், பச்சை இலை ஒரு பங்கு. பிழிந்த துணி போன்ற ஈரம். அவ்வளவுதான். நாற்றம் அடித்தால் ஈரமும் பச்சையும் அதிகம், சருகைச் சேர்த்துக் கிளறுங்கள். வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். இறைச்சி, எண்ணெய், நோய் கண்ட செடி ஆகியவை வேண்டாம். அடிக்கடி கிளறினால் இரண்டு மூன்று மாதம், சும்மா விட்டால் ஆறு மாதமோ அதற்கு மேலோ. போட்ட பொருள் எதுவென்று அடையாளம் தெரியாமல், மழை பெய்த மண்ணின் வாசனை வரும்போது உரம் தயார். பச்சைச் சாணத்தை நேரடியாகக் காய்கறிப் பாத்தியில் போடாதீர்கள். செடியைக் கருக்குவதோடு நோய்க்கிருமிகளும் அதில் இருக்கும். போட்டே ஆகவேண்டும் என்றால் அறுவடைக்கு நான்கு மாதம் முன்னதாகவாவது மண்ணில் கலந்துவிட வேண்டும்.

தரை இல்லாதவர்களுக்கு

தொட்டி, பை, பழைய வாளி எதுவும் ஆகும், அடியில் துளை இருந்தால். தக்காளிக்கும் கத்தரிக்கும் 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவு, மிளகாய்க்கு 10 லிட்டர், கீரைக்கு 6 அங்குல ஆழம். வெறும் தோட்டத்து மண்ணை நிரப்பினால் ஒரே மாதத்தில் இறுகிக் கல்லாகிவிடும். மண், மக்கு உரம், தென்னைநார்த் தூள் மூன்றையும் சம பங்காகக் கலந்து நிரப்புங்கள். தென்னைநார்த் தூளில் உப்பு இருக்கக்கூடும், இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள். தண்ணீர் வடியட்டும் என்று அடியில் கல் பரப்புவது வேண்டாத வேலை. நுண்ணிய மண்ணிலிருந்து கல் அடுக்குக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது, அதற்கு மேலேயே தேங்கி நிற்கும். துளையின் மேல் ஒரு துண்டு வலை போதும்.

எதை விதைப்பது

வீட்டில் உண்மையிலேயே சாப்பிடுகிற காய்களில் நான்கைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒன்று வேகமாக வருவதாக இருக்கட்டும். முள்ளங்கியும் கீரையும் 25 முதல் 30 நாளில் கைக்கு வந்துவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கு அந்த முதல் அறுவடை பெரிய தெம்பு. இன்னும் இரண்டு கைவிடாத வகை. பீன்ஸ், வெண்டை இரண்டும் விதை பெரிது, முளைப்பு எளிது, 50 முதல் 60 நாளில் காய். நான்காவதாக இரண்டு தக்காளிச் செடி அல்லது மிளகாய்ச் செடி. காலிஃபிளவர் போன்றவை அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். அவை வெப்பம் கொஞ்சம் மாறினாலும் பூ பிடிக்காமல் ஏமாற்றும்.

உங்கள் பருவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது முக்கியம். வெண்டை, கத்தரி, மிளகாய், தக்காளி, வெள்ளரி, பூசணி, பீன்ஸ் எல்லாம் சூட்டை விரும்புபவை. மண் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் சுறுசுறுப்பாக முளைக்கும், உறைபனி பட்டால் செத்துவிடும். முள்ளங்கி, கேரட், பீட்ரூட், கோஸ், பட்டாணி குளிர்ச்சியை விரும்புபவை. கடும் வெயிலில் பட்டாணி காய்ந்துபோகும், முள்ளங்கி திரளாமல் பூவெடுத்துவிடும். பக்கத்தில் யாராவது காய்கறி வளர்த்தால் எந்த மாதத்தில் என்ன விதைக்கிறார்கள் என்று கேளுங்கள். விதைப் பொட்டலத்தில் அச்சடித்திருப்பதைவிட அது நம்பகமான தகவல்.

விதைப்பு

பழைய விதையா, வாங்கியதா, நல்லதா என்ற சந்தேகம் வந்தால் பத்து விதைகளை ஈரத்துணியில் சுருட்டி, மூடிய டப்பாவில் வையுங்கள். பத்து நாளுக்குள் குறைந்தது ஏழு முளைத்தால் தைரியமாக விதைக்கலாம். நான்குதான் முளைத்தால் இரு மடங்காகத் தூவுங்கள். வெங்காய விதை ஓராண்டிலேயே திறன் இழந்துவிடும். தக்காளி விதை உலர்வாக வைத்தால் நான்கு ஆண்டு தாங்கும்.

ஆழத்துக்கு ஒரே கணக்கு: விதையின் பருமனைப்போல இரண்டு அல்லது மூன்று மடங்கு. பீன்ஸை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றலாம். கீரை விதையை மேலே தூவி, மெல்லிய எருவால் மறைத்தால் போதும். முளைக்கவில்லை என்று வரும் புகார்களில் பல, ஆழமாகப் புதைத்ததால் வருபவை. வெண்டையை இரவு முழுதும் ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். முள்ளங்கி 3 முதல் 5 நாளில் தலைகாட்டும். கேரட் இரண்டு வாரம்கூட எடுக்கும், அதுவரை மேல்மண் காயவே கூடாது. அந்த நாட்களில் ஒரு பழைய சாக்கை ஈரப்படுத்தி மேலே போர்த்தி வைத்து, முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுவேன்.

வேர்க்காய்கள், பீன்ஸ், வெண்டை, வெள்ளரி, கீரை இவற்றை நேரடியாகப் பாத்தியில் விதையுங்கள். இடம் மாற்றினால் அவற்றின் வேருக்குப் பிடிக்காது. கேரட்டைப் பிடுங்கி நட்டால் கிளைத்துக் கோணலாகத் திரளும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் நாற்றுவிட்டுத்தான் நட வேண்டும். முதல் ஆண்டில் நாற்றாகவே வாங்கி நட்டாலும் குறையொன்றுமில்லை. வாங்கும்போது பூவோடு நிற்கும் உயரமான நாற்றைவிட, குட்டையாக, தண்டு தடித்திருப்பதை எடுங்கள்.

நீங்களே நாற்று வளர்த்தால் இரண்டு விஷயம். ஒன்று வெளிச்சம். முளைத்த நாளிலிருந்தே நல்ல வெளிச்சம் இல்லாவிட்டால் தண்டு நூலாக நீண்டு சாயும். இன்னொன்று ஈரம். தண்ணீர் அதிகமானால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து மெலிந்து, ஒரே இரவில் வரிசையாக விழும். இதுதான் நாற்றழுகல். இது வந்தபின் மருந்து தேடுவதில் பயனில்லை. நெருக்கமாகத் தூவாமல், மேல்மண் லேசாகக் காய்ந்த பிறகு நீர் விட்டால் வராது. விதைத்த 4 முதல் 6 வாரத்தில் நான்கைந்து உண்மை இலைகள் வந்திருக்கும். முதலில் வரும் இரண்டு விதையிலைகள் கணக்கில் சேராது. நடுவதற்கு முன் ஒரு வாரம், முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி என்று வெயிலையும் காற்றையும் பழக்குங்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள். தக்காளியை மட்டும் தண்டின் பாதிவரை மண்ணுக்குள் இறக்கி நடலாம். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். மற்றவற்றை நாற்றங்காலில் நின்ற மட்டத்திலேயே நடுங்கள். நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். இரண்டு நாள் வாடினாற்போல நின்றால் பயப்பட வேண்டாம்.

இடைவெளி: தக்காளி, கத்தரி 2 அடி. மிளகாய், வெண்டை ஒன்றரை அடி. குத்துச் செடி பீன்ஸ் அரை அடி. முள்ளங்கி, கேரட் 2 முதல் 3 அங்குலம். நட்ட அன்று பாத்தி காலியாகத்தான் தோன்றும், நடுவில் இன்னும் இரண்டு சொருகத் தோன்றும். வேண்டாம்.

முளைத்த பின் செடி கலைப்பதுதான் புதியவர்களுக்கு மனம் வராத வேலை. நாமே விதைத்து, நாமே காத்திருந்து, முளைத்ததை நாமே எடுப்பதா என்று இருக்கும். ஆனால் ஓர் அங்குலத்தில் நான்கு முள்ளங்கி நின்றால் நான்கும் இலையாகவே முடிந்துபோகும். இரண்டு இலை வந்ததும் நலிந்தவற்றை நீக்குங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும், ஆகவே கத்தரிக்கோலால் தரைமட்டத்தில் நறுக்கிவிடுங்கள். முள்ளங்கி, கீரை, பீட்ரூட் ஆகியவற்றின் இளஞ்செடிகளைச் சமைத்துச் சாப்பிடலாம், வீணில்லை.

தண்ணீர்

தினமும் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்கு விரல்தான் விடை சொல்லும். மண்ணில் இரண்டு கணு ஆழத்துக்கு விரலை விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால் நன்றாக நனையும்படி விடுங்கள். பொதுக் கணக்கு வேண்டுமானால், வளர்ந்த செடிகளுக்கு மழையும் சேர்த்து வாரத்துக்கு ஏறக்குறைய 25 மில்லிமீட்டர். அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர். நம் 4க்கு 8 பாத்திக்கு வாரம் 75 லிட்டர் வரும். கோடையிலும் மணற்பாங்கிலும் இதைவிடக் கூடும், களிமண்ணில் குறையும்.

அந்த அளவைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஆழமாக நனைப்பது நல்லது. மேலே மட்டும் ஈரம் இருந்தால் வேரும் மேலேயே நிற்கும், ஒரு நாள் மறந்தாலும் செடி துவண்டுவிடும். விதைத்த பாத்திக்கும் தொட்டிக்கும் இது பொருந்தாது. அவற்றை நாள்தோறும் பார்க்க வேண்டும். காலையில், செடியின் அடியில் விடுங்கள். இலை இரவு முழுதும் நனைந்து கிடந்தால் பூஞ்சை நோய்க்கு வழி.

நண்பகலில் பூசணி, வெள்ளரி இலைகள் தொங்குவதைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை ஆவியாக்கும் வேகம் அதிகமாக இருக்கும் நேரம் அது. மாலையில் தானே நிமிர்ந்துகொண்டால் ஒன்றுமில்லை. மறுநாள் காலையிலும் தொங்கினால்தான் கவனிக்க வேண்டும். அப்போதும் விரலை விட்டுப் பார்த்துவிட்டே ஊற்றுங்கள். தண்ணீர் மிகுந்து வேர் அழுகிய செடியும் இதேபோலத்தான் வாடும்.

செடிகள் ஒரு சாண் வளர்ந்ததும் காய்ந்த இலை, வைக்கோல், காய்ந்த புல் எதையாவது 2 முதல் 3 அங்குலத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். தண்டைத் தொடாமல் இரண்டு அங்குலம் விட்டு. ஈரம் நிற்கும், களை குறையும், மழைத்துளி மண்ணை இலையில் தெறிப்பது நிற்கும். இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேலை தோட்டத்தில் வேறு கிடையாது. முளைக்கும் களைகளைப் பூப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள், அது போதும்.

உரம், தாங்கல்

தொடக்கத்தில் எரு நன்றாகப் போட்டிருந்தால் கீரைக்கும் வேர்க்காய்க்கும் பீன்ஸுக்கும் மேலுரம் தேவையே இல்லை. பீன்ஸின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த வேலை நடக்கிறது என்று பொருள். தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டைக்குப் பூவெடுக்கும்போது ஆளுக்கு இரண்டு கைப்பிடி மக்கு உரம், பிறகு மாதம் ஒருமுறை. அடியிலைகள் வெளுத்து மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு என்று எடுத்துக்கொண்டு கொஞ்சம் கூட்டலாம். செடி கரும்பச்சையாக, புதராக வளர்ந்து பூக்கவில்லை என்றால் உரம் கூடிவிட்டது. நிறுத்துங்கள்.

தக்காளிக்கு நடும் அன்றே குச்சியை ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் வேர் அறும். கொடிகளுக்குப் பந்தலோ வலையோ முன்கூட்டியே.

பூ உதிர்கிறதே

வெள்ளரி, பூசணி, பாகல், புடலை போன்றவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண்பூக்கள், பூத்து உதிர்ந்துவிடும். அது இயல்பு. பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு தெரிந்தால் அது பெண்பூ. பெண்பூவும் மஞ்சளாகி உதிர்ந்தால் தேனீ வரவில்லை என்று அர்த்தம். காலையில் பூ விரிந்ததும் ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழை நீக்கி, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவுங்கள். இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பருக்கத் தொடங்குவதைப் பார்க்கலாம். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

தக்காளியில் ஒரே பூவுக்குள் இரண்டும் உண்டு, மெல்லத் தட்டினாலே காய் பிடிக்கும். ஆனால் இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் குறையாமல் தொடர்ந்தாலோ, பகல் 35ஐத் தாண்டினாலோ பூ உதிரும். காத்திருப்பதைத் தவிர வழியில்லை. காயின் அடிப்பகுதி கறுத்து அமுங்கினால் அது பூச்சியும் அல்ல, தொற்றும் அல்ல. கால்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும், தண்ணீர்தான் ஒருநாள் வெள்ளமாகவும் ஒருநாள் வறட்சியாகவும் போயிருக்கும். மூடாக்குப் போட்டு நீரைச் சீராக்கினால் அடுத்த காய்கள் சரியாக வரும்.

பூச்சிகள்

தினமும் காலையில் ஐந்து நிமிடம் இலைகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பூச்சிக் கட்டுப்பாட்டில் இதுவே பெரும்பகுதி. முட்டைக் கூட்டமாக இருந்தால் இலையோடு கிள்ளிவிடலாம். புழுவைக் கையால் எடுக்கலாம். நுனித் தளிரில் அசுவினி (சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சி) மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிர்த்துவிடலாம், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து. பொறிவண்டின் புழு கறுப்பும் ஆரஞ்சுமாக முதலையின் குட்டிபோல இருக்கும். அதைக் கெட்ட பூச்சி என்று கொன்றுவிடாதீர்கள், அசுவினியைத் தின்று தீர்ப்பது அதுதான்.

அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும், அது கரைவதற்குச் சில துளி மென்மையான சோப்புக் கரைசலும் கலந்து, ஓர் இலையில் மட்டும் தெளித்து ஒரு நாள் பாருங்கள். இலை கருகவில்லை என்றால் மாலையில், தேனீக்கள் போன பிறகு, இலையின் அடியிலும் படும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை போதும். இலையில் நாலு ஓட்டை விழுந்ததற்கெல்லாம் தெளிக்க வேண்டியதில்லை. செடி அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும், உங்களுக்கு உதவும் பூச்சிகளும் மிஞ்சும். இலைகள் சுருண்டு, மஞ்சள் திட்டுத்திட்டாகி, வளர்ச்சி நின்றுவிட்ட செடி வைரஸ் தாக்கியதாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை. தயங்காமல் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், குவியலில் போடாதீர்கள்.

பறிப்பதும் அதற்குப் பிறகும்

வெண்டையைப் பூத்த 4 முதல் 6 நாளில், விரல் நீளத்தில் பறியுங்கள். நுனி பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். பீன்ஸ், வெள்ளரி, கத்தரி எதுவானாலும் முற்ற விடாதீர்கள். விதை முற்றிவிட்டால் செடி தன் வேலை முடிந்ததென்று புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்துக்கொண்டே இருந்தால் காய்த்துக்கொண்டே இருக்கும். தக்காளி அடிப்பக்கம் சிவப்பேறத் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் வைத்தாலும் பழுக்கும். பறவையும் அணிலும் முந்துகிற இடங்களில் இது உதவும். காம்பை இழுக்காமல் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். கீரையை வேரோடு பிடுங்காமல் நான்கு அங்குலம் விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும்.

முள்ளங்கியையும் கீரையையும் ஒரே நாளில் முழுப் பாத்திக்கும் விதைக்காமல், இரண்டு வாரத்துக்கு ஒரு வரிசையாக விதையுங்கள். ஒரு நோட்டில் விதைத்த நாள், முளைத்த நாள், முதல் காய் பறித்த நாள், எங்கே எந்தச் செடி இருந்தது என்ற நான்கு குறிப்புகள் மட்டும் எழுதுங்கள். அடுத்த பருவத்தில் அது தேவைப்படும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நான்கும் ஒரே குடும்பம். ஒன்றின் நோய் மற்றதற்கும் வரும். தக்காளி நின்ற இடத்தில் கத்தரி வைப்பது மாற்றுப் பயிர் ஆகாது. அங்கே அடுத்து பீன்ஸோ கீரையோ போடுங்கள், முடிந்தால் மூன்று ஆண்டு அந்தக் குடும்பத்தை அந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

பீன்ஸ் ஓய்ந்ததும் பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டி, வேரை மண்ணிலேயே மக்க விடுங்கள். மற்றச் செடிகளில் நோயில்லாதவை உரக் குவியலுக்குப் போகட்டும். பாத்தி காலியான அன்றே ஓர் அங்குலம் மக்கு உரம் பரப்பி, மேலே மூடாக்குப் போட்டுவிடுங்கள். அடுத்த விதைப்புக்கு ஒரு மாதம் இருந்தாலும் மண்ணை வெயிலில் வெறுமனே காயவிட வேண்டாம்.